சூடான கலர், குளிர்ச்சியான கலர்: ரெண்டாங்கிளாஸ் பசங்களுக்குப் படப்பாட்டுல எப்படிச் சொல்றது?

மஞ்சூர்_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நீலகிரியில மஞ்சூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் ஒரே ரூம்ல வச்சு எடுக்கிறேன், மொத்தம் 14 பசங்க, முக்காவாசிப் பேரோட அம்மாங்க தேயிலைக் கொழுந்து பறிக்கப் போறவங்க. 2022ல சின்னப் பசங்களுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுலேர்ந்து பாட்டு, படம், ஆட்டம்னு நடத்துறது எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு, அதனால இந்த டேர்ம்ல நானே ஒரு படப்பாட்டு புக்கு போடலாம்னு உக்காந்தேன். எட்டு சார்ட், ஒவ்வொண்ணுலயும் நாலு வரிப் பாட்டு, கீழ படம். சிவப்பு ஆரஞ்சு மஞ்சள் எல்லாம் வார்ம் கலர், நீலம் பச்சை வயலட் எல்லாம் கூல் கலர், அதைப் பசங்க பாட்டாவே புடிச்சுக்கணும்னு ஆசை. மொத சார்ட் இது:

செக்கச் சிவந்த நெருப்பைப் பார்
கிட்டப் போனா சுடுது பார்
நீல நெறத்துத் தண்ணி பார்
தொட்டுப் பாத்தா குளிரு பார்

பாடி முடிச்சதும் ரெண்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் எந்திரிச்சு, "டீச்சர், எங்க வீட்டு கேஸ் அடுப்பு நீலமாத்தான எரியுது, அது சுடாதா?"ன்னான். நான் பதில் சொல்றதுக்குள்ள இன்னொரு பொண்ணு, "தர்பூசணி சிவப்பு, ஆனா அது குளிர்ச்சின்னு பாட்டி சொல்லும், சளி புடிக்கும்னு தரவே தராது"ன்னா. மூணாவதா ஒருத்தன் இன்னும் ஒரு படி மேல போயி, போன பனிக்காலத்துல அவங்க தோட்டத்துச் செடியெல்லாம் பனியில கருகி பழுப்பாயிடுச்சாம், அப்ப குளிர்னா பழுப்புக் கலர்தானேன்னு கேட்டான். மூணு பேரும் சொன்னது நிஜம். பசங்க கண்ணால பாத்ததைப் பொய்னு சொல்ற மாதிரி ஒரு பாட்டை சுவத்துல மாட்டி வைக்க எனக்கு மனசு வரல. சார்ட்டை எறக்கி வச்சுட்டேன். இதை எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லைட்டிங்_குன்னூர்:

டீச்சர், மொதல்ல அந்தப் பையனுக்கு என் பாராட்டைச் சொல்லிடுங்க, அவன் சரியாத்தான் கேட்டிருக்கான். கேஸ் நல்லா காத்தோட கலந்து முழுசா எரியுறதால நீலமா எரியுது, வெறகோ மெழுகுவத்தியோ எரியும்போது அதுல இருக்கிற கரித்தூள் சூட்டுல ஜொலிக்கிறதுதான் நமக்கு மஞ்சளாத் தெரியுது. நட்சத்திரத்துலயும் நீலமா இருக்கிறதுதான் சிவப்பை விட அதிக சூடு. நான் லைட் ஃபிட்டிங் வேலை பாக்குறவன், கடையில எல்ஈடி பல்பு டப்பாவைத் திருப்பிப் பாருங்க, வார்ம் வைட்டுக்கு 2700, 3000 கெல்வின்னு (வெளிச்சத்தோட கலரை சூட்டுக் கணக்குல சொல்ற அளவு) போட்டிருக்கும், வெள்ளையா நீலம் அடிக்கிற கூல் டேலைட்டுக்கு 6500. நம்பர் கூடக்கூட கலர் குளிர்ச்சியாப் போகுது, அதாவது விஞ்ஞானப்படி நீலம்தான் சூடு. கஸ்டமருங்க தெனமும் கொழம்புவாங்க.

ஆனா அதே கஸ்டமர், வீட்டு ஹால்ல ரெண்டையும் மாட்டிக் காட்டினா, மஞ்ச லைட்டைப் பாத்ததும் கதகதன்னு இருக்குங்கிறாங்க, வெள்ளை லைட்டைப் பாத்ததும் ஆஸ்பத்திரி மாதிரி சில்லுனு இருக்குங்கிறாங்க. ஒருத்தர் விடாம இதையேதான் சொல்றாங்க. ஆக இங்க ரெண்டு சூடு இருக்கு, ஒண்ணு தொட்டா சுடுறது, இன்னொண்ணு பாத்தா தோணுறது. உங்க பாட்டுல "தொட்டுப் பாத்தா"ன்னு வந்ததுனாலதான் பசங்க மடக்கிட்டாங்க, கலரைத் தொட்டுப் பாக்க முடியாதுல்ல.

யாழி_அம்மா:

நான் கொஞ்சம் மாத்திப் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க டீச்சர். ஏழு வயசுக்கு இந்தப் பிரிவினை வேணுமா? என் பொண்ணு போன வருஷம் படிச்ச ஸ்கூல்ல (பேரு வேணாம்) சாயங்கால வானத்தை ஆரஞ்சாப் போட்டுட்டு வந்தா, வானம் நீலம்தான், அது கூல் கலர்னு சொல்லி சிவப்புப் பேனாவால பெருக்கல் குறி போட்டுக் குடுத்துட்டாங்க. அந்தப் படத்தை அவ எங்ககிட்டக் கூடக் காட்டல, பையில மடிச்சு மடிச்சு வச்சிருந்தா, ரெண்டு வாரம் கழிச்சு பை தொவைக்கும்போதுதான் எடுத்தேன். நாங்க குன்னூர்ல மேக்கு பாத்த வீடு, தெனமும் அஞ்சரை ஆறு மணிக்கு அவ பாக்குற வானம் ஆரஞ்சுதான். அதுக்கப்புறம் அவ வானம் போட்டா நீலத்தைத் தவிர எதையும் எடுக்கிறதில்ல. இதை நெனச்சா எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுது. இது வார்ம், இது கூல்னு பொட்டியில போட்டுப் பிரிச்சு வச்சா இப்படித்தான் முடியும்னு எனக்குப் பயம்.

மஞ்சூர்_டீச்சர்:

யாழி அம்மா, கோவமெல்லாம் இல்ல, படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. நீங்க சொல்ற அந்தப் பயம்தான் எனக்கும், அதனாலதான் சார்ட்டை எறக்கினேன். பாப்பாக்கிட்ட வானம் ஆரஞ்சாவும் இருக்கும்னு ஒரு டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லுங்க.

பூம்பாறைக்காரன்:

கொடைக்கானல் மேல்மலைலேர்ந்து எழுதுறேன். 20 வருஷத்துக்கு மேல போர்டு எழுதுறதும் செவுத்துப் படம் போடுறதும்தான் பொழப்பு, இப்ப லீவு நாள்ல பசங்களுக்கு டிராயிங் சொல்லிக் குடுக்குறேன்.

யாழி அம்மா சொன்ன வானத்துக்கு மொதல்ல வரேன். பகல்ல வானம் நீலமாத் தெரியுறதுக்கும் சாயங்காலம் ஆரஞ்சாத் தெரியுறதுக்கும் காரணம் ஒண்ணுதான். நீல வெளிச்சத்தைக் காத்து நாலாபக்கமும் செதறடிக்குது, சூரியன் கீழ எறங்கினா வெளிச்சம் ரொம்ப தூரம் காத்துக்குள்ளயே வரணும், வர்ற வழியிலயே நீலமெல்லாம் செதறிப் போயி மிச்சம் வந்து சேர்றது ஆரஞ்சும் சிவப்பும். பாப்பா போட்டதுல தப்பே இல்லம்மா.

அடுத்து, கலரைப் பிரிக்கிறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அது இல்லாம என் தொழிலே இல்ல. ஆனா வார்ம் கூல்ங்கிறது கலரோட ஜாதி கெடையாது, பக்கத்துல யாரு நிக்கிறாங்கங்கிறதப் பொறுத்தது. ஒரே வயலட் காயிதத்துல ரெண்டு துண்டு வெட்டி ஒண்ணை செக்கச்செவேல்னு இருக்கிற சார்ட் மேலயும் இன்னொண்ணை நீல சார்ட் மேலயும் ஒட்டிப் பாருங்க. செவப்பு மேல இருக்கிறது நீலமா அடிக்கும், நீலத்து மேல இருக்கிறது செவப்பா அடிக்கும். ரெண்டும் ஒரே காயிதம்தான்னு சொன்னா பசங்க நம்ப மாட்டாங்க, அவங்க கையாலயே வெட்டச் சொல்லுங்க.

இன்னொண்ணு தூரம். நம்ம ரெண்டு மலைக்காரங்களுக்கும் இது வாசல்லயே இருக்கு. எங்க ஊரு கோக்கர்ஸ் வாக் நடைபாதையில நின்னு பாத்தா பக்கத்துப் புல்லு மஞ்சப்பச்சை, அடுத்த மலை கரும்பச்சை, அதுக்கடுத்தது நீலம், அதுக்கும் அப்பால இருக்கிறது வானத்தோட கரைஞ்சே போயிரும். நீலகிரின்னு பேரே நீலமலைதான. குளிர்ச்சியான கலர் தள்ளிப் போகும், சூடான கலர் கிட்ட வரும். படம் வரையுறவனுக்கு அந்தப் பேரால ஆகுற காரியமே இதுதான், அதை விட்டுட்டு லிஸ்ட்டை மட்டும் மனப்பாடம் பண்ண வச்சா யாழி அம்மா சொன்ன மாதிரி பெருக்கல் குறிதான் மிஞ்சும்.

எமரால்டு_தேயிலை:

டீச்சருங்களுக்கு வணக்கமுங்க. நான் ரெண்டு ஏக்கர் வச்சிருக்கிற சின்ன விவசாயி, கலரைப் பத்தி படிச்சதில்லீங்க. பூம்பாறை அண்ணன் எழுதினதைப் படிச்சதும் ஒண்ணு தோணுச்சு. பச்சையை நீங்க மொத்தமா கூல்னு போட்டிருக்கீங்க. உங்க ஸ்கூல் பசங்க அம்மா கையப் புடிச்சுட்டு தோட்டத்துக்குள்ளயே வளர்றவங்க, அவங்களுக்குப் பச்சை ஒண்ணு இல்லீங்க. கொழுந்து மஞ்ச அடிக்கிற பச்சை, வெயில் பட்டா உள்ள வெளக்கு வச்ச மாதிரி இருக்கும். கீழ முத்தின இலை கரும்பச்சை, கிட்டத்தட்ட நீலத்துக்குப் போயிரும். பறிக்கிற அம்மாங்க பொழுதன்னிக்கும் அந்த ரெண்டு பச்சையத்தான் பிரிச்சுப் பாத்துட்டு இருக்காங்க, கண்ணு பாத்ததும் கை போகும். ஒரே செடியில சூடான பச்சையும் இருக்கு குளிர்ச்சியான பச்சையும் இருக்குதுங்க.

வேலியோரம் நீலமா பந்து பந்தாப் பூக்குற ஹைட்ராஞ்சியாவையும் காட்டுங்க. நம்ம மண்ணு புளிப்பு மண்ணு, தேயிலைக்கு ஏத்தது, அதனாலதான் அது இங்க நீலமாப் பூக்குது. சுண்ணாம்பு சேர்ந்த மண்ணுல அதே செடி ரோஸாப் பூக்குமுங்க.

மஞ்சூர்_டீச்சர்:

அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நேத்து அதையேதான் பண்ணினேன், அதை அப்படியே எழுதிடுறேன்.

ஆளுக்கு ஒரு கொழுந்து, ஒரு முத்தின இலை எடுத்துட்டு வரச் சொன்னேன். மழை விட்டு விட்டுப் பெஞ்சுட்டு இருந்துச்சு, ரூம்ல வெளிச்சம் கம்மி. வெள்ளைத் தாள்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கச் சொல்லிட்டு, எது உங்ககிட்ட வருது, எது தள்ளிப் போகுதுன்னு மட்டும் கேட்டேன், சூடு குளிர்னு வாயே தெறக்கல. மூணாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி, கிளாஸ்ல பேசவே பேசாதவ, முத்தின இலையை அடியில வச்சு அது மேல கொழுந்தை வச்சா. உடனே எடுத்து மாத்தி வச்சா, கொழுந்து கீழ, முத்தின இலை மேல. திரும்ப மொதல்ல வச்ச மாதிரியே வச்சா. அஞ்சாறு தடவை இப்படி மாத்தி மாத்தி வச்சுட்டு, "டீச்சர், இது பகல், இது ராத்திரி"ன்னா. நான் எதுவும் சொல்லல. பக்கத்துல இருந்த பையன் அவ தாளை எட்டிப் பாத்துட்டு தன்னோட இலையையும் அப்படியே வச்சான். அப்புறம் கிரேயான் டப்பாவைத் தெறந்து எந்தப் பச்சை பகல், எந்தப் பச்சை ராத்திரின்னு பிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க, அது முடிஞ்சதும் சிவப்பைக் கூட பிரிச்சாங்க, தக்காளிச் சிவப்பு பகலாம், பீட்ரூட் சிவப்பு ராத்திரியாம். பன்னெண்டு கலர் டப்பாவுல மூணே மூணுதான் சண்டைக்கு நின்னுச்சு, அதுல ஒண்ணு வயலட்.

இப்ப என் பிரச்சினை பாட்டு. படம் எப்படிப் போடணும்னு தெரிஞ்சுபோச்சு, பாட்டு இன்னும் அதே "பார் பார்"லயே நிக்குது.

பாட்டுக்காரி_வத்தலகுண்டு:

மலைக்குக் கீழ இருக்கேன், ஆனா பாட்டுன்னதும் பேசாம இருக்க முடியல. டீச்சர், உங்க பாட்டுல நான் பாக்குற குறை ஒண்ணுதான், நாலு வரியும் பிள்ளைக்கு உத்தரவு போடுது, கூடவே பதிலையும் அதுவே சொல்லிடுது. பதிலைச் சொல்லிட்டா பிள்ளைக்கு என்ன வேலை மிச்சம்? கலர் பேரு, சூடு, குளிர்ங்கிற வார்த்தை எதையும் பாட்டுக்குள்ள வராம எழுதிப் பாருங்க, கலரைப் படம் சொல்லட்டும்.

அப்ப பாட்டு என்ன பண்ணும்னா, சத்தத்தால சொல்லும். தமிழ்ல இதுக்குன்னே நமக்கு வல்லினமும் மெல்லினமும் இடையினமும் இருக்கு. க ச ட த ப ற இரட்டிச்சு வந்தா வாய்க்குள்ள கட்டை வெடிக்கிற மாதிரி இருக்கும், ம ன ண ல ழ வந்தா நாக்கு வழுக்கிட்டுப் போகும். உங்க பசங்க எழுத்து கத்துக்கிற வயசு, கலரும் எழுத்தும் ஒண்ணாப் போய்ச் சேரும். நான் ரெண்டு எழுதிப் பாத்தேன்.

அடுப்புப் பக்கத்துக்கு:

பட்டுப் பட்டுன்னு கட்டை வெடிக்குது
சுட்ட கெழங்குல தோலு பிரியுது
கிட்டக் கிட்டவே குட்டிப் பூனை
பாட்டி முந்தானை கதகதங்குது

மேகம் வர்ற பக்கத்துக்கு:

மெல்ல மெல்ல மேகம் எறங்குது
மலையும் மலையும் மறைஞ்சு போவுது
இலையின் நுனியில் மணியா நிக்குது
நானும் மெல்லமா மூச்சு விடுறேன்

சத்தம் போட்டுப் படிச்சுப் பாருங்க. மொதல் பாட்டை மெதுவாப் பாட வராது, ரெண்டாவதை வேகமாப் பாட வராது. எங்கயாவது ஒரு வல்லினம் ரெண்டாவதுல வந்துச்சேன்னு கவலைப்படாதீங்க, அடுக்கி அடுக்கி வந்தாத்தான் அடிக்கும்.

லைட்டிங்_குன்னூர்:

கதகதங்குது! நான் பல்புக்குச் சொன்ன அதே வார்த்தை. எரியுறதுக்கும் சுடுறதுக்கும் நடுவுல நமக்குன்னு இருக்கிற சொல்லு. வார்ம்ங்கிறதுக்கு இதை வச்சுக்கலாம் டீச்சர், கதகத கலர். அதுக்கு எதிர்ல சிலுசிலு கலர். கேஸ் அடுப்பு சுடும், ஆனா அந்த நீலம் சிலுசிலுன்னுதான் இருக்கும், தர்பூசணி குளிர்ச்சிதான், ஆனா அந்தச் சிவப்பு கதகத. சண்டையே இல்ல.

யாழி_அம்மா:

இந்தப் பேரு எனக்குப் புடிச்சிருக்கு. இது மார்க் போடுற பேரு மாதிரி இல்ல.

கோத்தகிரி_நூல்:

பெரிய இழையா போயிட்டு இருக்கு, எல்லாம் படிச்சேன். நான் துணிக்கடைக்கு எம்பிராய்டரி பொருள் வாங்கி அனுப்புற வேலையில இருக்கேன், தோடர் பழங்குடி அக்காங்க போடுற பூவேலையை வருஷக்கணக்கா கிட்ட உக்காந்து பாத்திருக்கேன். வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பு நூல், கருப்பு நூல், அவ்வளவுதான். கோடு போட்டுக்கிறதில்ல, துணியோட இழையை எண்ணி எண்ணியே போடுறாங்க. 2013ல புவிசார் குறியீடு கெடச்சுது. இதை ஏன் சொல்றேன்னா, ஒரு பெரிய வெள்ளைப் போர்வையில ஓரத்துல மட்டும் அந்தச் சிவப்பு இருக்கும், ஆனா போர்வை முழுக்கவே கதகதன்னு தெரியும். படம் போடும்போது பக்கம் முழுக்க ஆரஞ்சை அப்பிடாதீங்க. பனிமூட்டம் மாதிரி சாம்பல் நீலமா விட்டுட்டு ஒரே ஒரு ஜன்னல்ல மட்டும் மஞ்சள் வச்சுப் பாருங்க, பிள்ளைங்க அந்த ஜன்னல் பக்கம்தான் போகும்.

பூம்பாறைக்காரன்:

நூலக்கா சொன்னது நூத்துக்கு நூறு. ஒரு பக்கத்துக்கு ஒரு குருவி ஜோடி வைங்க டீச்சர், நம்ம சோலைக்காட்டுக்குள்ள ரெண்டு ஈபிடிப்பான் இருக்கு, ஒண்ணு நீலகிரி ஈபிடிப்பான், ஆண் நல்ல அழுத்தமான நீலம். இன்னொண்ணு கருப்பும் ஆரஞ்சுமா இருக்கும், புதருக்குள்ள தாழத்தான் திரியும். ரெண்டும் உங்க மலையிலயும் இருக்கு, எங்க பழனிமலையிலயும் இருக்கு. இருட்டுச் சோலைக்குள்ள ஆரஞ்சுக்குருவி உக்காந்தா உடனே கண்ணுல படும், நீலக்குருவி அசைஞ்சாத்தான் தெரியும். பாட்டே வேணாம், அந்தப் படமே பேசும்.

குறிஞ்சிப் பூ வைக்காதீங்கன்னும் சொல்லிக்கிறேன். நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருக்கா, 2018ல பூத்துச்சு, இனி 2030. உங்க பசங்க அப்பத்தான் பொறந்திருப்பாங்க, பாத்திருக்க முடியாது. காணாத பூவுக்குக் கலர் அடிச்சா அது மனப்பாடம்தான். ஊதாவாப் பூக்குற ஜகரண்டா மரம் வைங்க. பிப்ரவரி மார்ச்ல சோலைக்காட்டு மரங்க துளிர் விடும்போது செம்புக் கலரா நிக்கும் பாருங்க, அதையும் வைங்க.

ஊட்டி_கண்ணாடிக்கடை:

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லல. சிவப்பு பச்சை வித்தியாசம் சரியாத் தெரியாத பசங்க இருப்பாங்க, பொண்ணுங்களை விட ஆம்பளப் பசங்கள்ல அதிகம், அவங்களுக்கே அது தெரியாது. எப்பவும் கலரைத் தப்பா எடுக்கிற பையன் இருந்தா திட்டிடாதீங்க டீச்சர், கண்ணு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. படத்துல கலர் வித்தியாசத்தோட வெளிச்சம் இருட்டு வித்தியாசமும் சேத்து வைங்க, அப்ப அந்தப் பிள்ளைக்கும் பக்கம் புரியும். வத்தலகுண்டு அக்கா சொன்ன வல்லினம் மெல்லினம் இந்தப் பிள்ளைங்களுக்கும் கைகுடுக்கும், காதால புடிச்சுக்குவாங்க.

மஞ்சூர்_டீச்சர்:

ஒரு வாரமா பதில் போட முடியல. எட்டு பக்கத்துல ஆறு முடிஞ்சிடுச்சு.

போஸ்டர் கலரை விட்டுட்டேன். இந்த ஈரத்துல காயவே மாட்டேங்குது, காலையில போட்டது சாயங்காலம் வரைக்கும் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, சார்ட் வேற வளைஞ்சு தொங்கிடுச்சு. மெழுகு கிரேயான்தான். படத்தை வெறும் கோடா வரைஞ்சு, பாட்டைக் கீழ எழுதி, 14 ஜெராக்ஸ் போட்டுட்டேன், கலர் அவங்க வேலை. ரெண்டு பாட்டையும் மொதல்ல ரெண்டு நாள் பாட மட்டும் செஞ்சோம், மூணாம் நாள்தான் தாளைக் குடுத்தேன். எந்தக் கலர்னு நான் சொல்லல. அடுப்புப் பாட்டுக்கு 11 பேர் சிவப்பு மஞ்சள்லேர்ந்து ஆரம்பிச்சாங்க. மேகப் பாட்டுக்கு ஒருத்தி வெள்ளைக் கிரேயானை வெள்ளைத் தாள்லயே தேய் தேய்னு தேய்ச்சுட்டு, "மேகம் இருக்கு டீச்சர், தெரியாது"ன்னா.

கேஸ் அடுப்புப் பையன் கட்டையடுப்பை அடிச்சுட்டு அவங்க வீட்டு அடுப்பைப் போட்டான். தீயை நீலமாவே போட்டான். சுத்தி பாத்திரம், செவுரு, அவங்க அம்மா சேலை எல்லாம் ஆரஞ்சு, அழுத்தி அழுத்திப் போட்டதுல கிரேயான் ஒடைஞ்சே போச்சு. தாளைத் தூக்கி எல்லாருக்கும் காட்டி, தீ சிலுசிலு, வீடு கதகதன்னு அவனே சொல்லிட்டான். அந்தத் தாளுக்கு லேமினேஷன் போட்டு மொதப் பக்கத்துல வைக்கப் போறேன்.

எமரால்டு அண்ணா, பனிப் பக்கம் மட்டும் வரவே மாட்டேங்குது. பனி கருக்கின செடி பழுப்புன்னு கேட்ட பையனுக்கு நான் இன்னும் பதில் சொல்லல. அவன் தெனமும் அவன் பக்கம் எங்கன்னு கேக்குறான்.

எமரால்டு_தேயிலை:

அவன் பக்கத்துல ரெண்டு வேளை வேணுமுங்க டீச்சர். விடியக்காலையில புல்லு மேல வெள்ளையா உப்புக் கொட்டின மாதிரி இருக்கும், நெழலெல்லாம் நீலம், அது சிலுசிலு. இலைக்குள்ள இருக்கிற தண்ணி ராத்திரியே ஒறைஞ்சு இலை செத்துப் போயிருக்கும், ஆனா அப்ப பாத்தா தெரியாதுங்க. வெயில் ஏறி ரெண்டு நாள்ல பழுப்பாயிரும். அதனால அவன் பாத்த பழுப்பு குளிரோட கலர் இல்லீங்க, இலை போனதுக்கப்புறம் வர்ற கலர். அவங்க அப்பா தழையை வெட்டி செடி மேல போட்டு மூடுறதை அவன் பாத்திருப்பான், அதையும் படத்துல வைங்க. பாட்டு எனக்கு எழுத வராதுங்க, வத்தலகுண்டு அம்மாதான் எழுதணும்.

பாட்டுக்காரி_வத்தலகுண்டு:

அண்ணா, நீங்க எழுதினதையே நாலா மடிச்சிருக்கேன். மொத ரெண்டு வரியை மெல்ல, கடைசி ரெண்டு வரியை அழுத்தி.

விடியலில் மண்ணெல்லாம் வெள்ளை மணல்
நெழலும் நீளுது நெல்லி மரம்வரை
தட்டித் தட்டித் தழையப் போர்த்தி
கொட்டும் பனியில கொழுந்தக் காப்போம்

மஞ்சூர்_டீச்சர்:

அக்கா, நெல்லி மரம் எங்க பக்கம் கெடையாது, சில்வர் ஓக்குதான் இருக்கு. "நெழலும் நீளுது வேலி வரைக்கும்"னு மாத்திக்கவா? மத்ததெல்லாம் அப்படியே வச்சுக்கிறேன். திங்கக்கிழமை அவனுக்குத்தான் மொதல்ல பாடிக் காட்டணும். பூம்பாறை அண்ணா, ஜெராக்ஸ் செட்டு ஒண்ணு உங்க லீவு கிளாஸ் பசங்களுக்கும் அனுப்புறேன், எத்தனை பேருன்னு மட்டும் சொல்லுங்க.

பூம்பாறைக்காரன்:

ஒம்போது பேரு. வேலி வரைக்கும்தான் நல்லாருக்கு.